மூன்றாவது மறைவு

அண்ணனின் விளக்கு ஒருமுறை மங்கி மீண்டது.

வல்வெட்டித்துறை வீட்டின் மொட்டைமாடியில், பொழுது கருகி இருட்டிய பிறகு, வினோஜா தொலைநோக்கியைக் கடலுக்குத் திருப்பியிருந்தாள். பல்கலைக்கழகத்தில் அவள் தேடுவது சின்னஞ்சிறிய, குளிர்ந்த சிவப்பு விண்மீன்களைச் சுற்றும் பெருங்கோள்களை. கோள் கண்ணுக்குத் தெரியாது. அது குறுக்கே போகும்போது விண்மீனின் வெளிச்சம் குறையும். வியாழன் அளவான ஒன்று சூரியனை மறைத்தால் நூறில் ஒரு பங்குதான் போகும். சின்ன விண்மீன் என்றால் பத்தில் ஒரு பங்கே போய்விடும். அவளுடைய விண்மீன் எழும்வரை கமராவைச் சோதிக்க வேண்டும். அதனால், கணவாய் மீன் பிடிக்கப் போன அண்ணன் நிருஷனின் வள்ளத்தில் சிவப்புத் தாள் சுற்றிய விளக்கொன்றைக் கட்டச் சொல்லியிருந்தாள்.

காற்றில் பாசியும் மண்ணெண்ணெயும் மணத்தன. கமராத் திரையில், விளக்கின் வெளிச்ச அளவைக் காட்டி நேராக ஓடிய கோடு மறுபடியும் குழியில் விழுந்து எழுந்தது. கடலில் அலையே இல்லை. ஆனாலும் விளக்கு மெல்ல ஒருபக்கம் இழுபட்டுத் திரும்பியது. பாரமான துணை சுற்றினால் விண்மீனும் அப்படித்தான் ஆடும்.

போனில் அழைத்தாள்.

"அண்ணை, உங்களுக்குப் பக்கத்திலை வேறை போட் நிக்குதோ?"

"ஒருத்தருமில்லை. ஏனடி, உன்ரை நட்சத்திரத்துக்குப் பொருத்தம் பாக்கிறியோ?" சிரித்தான். "மீனும் இல்லை. எல்லாம் ஓடீட்டுது போலை. நான் வரட்டோ?"

இரண்டு மறைவுகள் தற்செயலாக இருக்கலாம். கணித்த நேரத்துக்கு மூன்றாவதும் வந்தால்தான் நம்பலாம்.

"கொஞ்சம் பொறுங்கோ. இன்னுமொருக்கால் பாத்திட்டுச் சொல்லுறன்."

"ஓம், ஓம். சம்பளம் தா."

மூன்றாவது, கணித்த நேரத்துக்கு முந்தி வந்தது. வள்ளத்தைச் சுற்றும் ஏதோ ஒன்றின் பாதை சுருங்குகிறது. குழியும் அகலமாயிருந்தது. மறைவு நீண்டால் மறைப்பது பெரியது. வள்ளத்தைவிடப் பெரியது.

"அண்ணை! இஞ்சினைப் போடுங்கோ! வாங்கோ!"

"வினோ, தண்ணி ஏன் மேலை..."

வள்ளம் பிளந்தது. அலறல். பிறகு ஈரமட்டையை முறுக்கி உடைப்பதுபோல் ஒரு முறிவு. இன்னொன்று. ஒவ்வொரு முறிவுக்கும் அவள் பெயரைச் சொன்னான். பிறகு முறிவு மட்டும்.

கோடு அடியில் விழுந்தது.

எழுந்தது. ஏறியது. ஏறிக்கொண்டே போனது.

கிட்ட வரும் விளக்குத்தான் அப்படிப் பிரகாசிக்கும்.

நிமிர்ந்தாள். தொலைநோக்கி தேவைப்படவில்லை. பனை உயரத்தில், கரையை நோக்கி, சிவப்பு விளக்கு வந்துகொண்டிருந்தது. ஒரு கை அதை இறுகப் பற்றியிருந்தது. முழங்கையோடு முடிந்த கை.

அதற்குப் பின்னால், விண்மீன்கள் கூட்டங்கூட்டமாக மறைந்தன.