பதிலுக்குத் தட்டியவர்

சித்தார்த்தின் கம்ப்யூட்டர் அன்றும் பதினோராவது வினாடியில் நின்றுபோனது. "அம்மா, நான்தான் பேசுறேன், மைக் எடுக்குதான்னு பாக்குறேன்" என்று ஸ்பீக்கரில் அவன் குரல் ஒழுங்காகத்தான் வரும். அடுத்து அவன் சிரிக்கத் தொடங்கும்போது திரை முழுக்க நீலமாகி, வெள்ளை எழுத்தில் என்னவோ புலம்பிவிட்டு, தானே அணைந்து தானே எழும். நாற்பது வினாடிப் பதிவு அது. மிச்ச இருபத்தொன்பது வினாடிக்காக தனலக்ஷ்மி தினமும் சாயங்காலம் விளக்கேற்றிய கையோடு வந்து உட்கார்ந்து, தினமும் ஏமாந்து எழுந்து போவாள். அவள் கணவர் ஜெயவேலுவை அன்று வேறொன்று உறுத்தியது. திரை நீலமாவதற்குச் சற்று முன்னால் மேசைக்கு அடியில் இருந்த சிபியுவுக்குள் ஏதோ தட்டியது.

சித்தார்த் போய் மூன்று மாதம் ஆகிறது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை முடித்து, ஒரு வேலையாகச் சந்தாபுரா வரை ஆபீஸ் வண்டியில் போனான். கிரானைட் பலகை ஏற்றிய லாரி ஒன்று அந்த வண்டிமேல் சாய்ந்தது. ஆபீஸ் வண்டி டிரைவர் அங்கேயே முடிந்துபோனார். பலகைகளைத் தூக்க கிரேன் வந்துசேர இரண்டு மணி நேரம் ஆனது. ஒரே பிள்ளை. தங்கவயலில் சுரங்கத்தை மூடிய பிறகு அவன் வேலைக்குப் பக்கமாக இருக்கட்டும் என்றுதான் ஹெப்பகோடிக்கே குடி வந்தார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை ரங்கா வந்தார். தலை நரைத்த, அதிகம் பேசாத மனிதர். பக்கத் தகட்டைக் கழற்றி, தூசியை ஊதி, ராம் சில்லை உருவி அதன் பித்தளை நிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்துப் பொருத்தினார். மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸை மாற்றிப் பார்த்தார். கடைசியில் காதைத் தகட்டோரம் வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ஹார்ட் டிஸ்க் ஹோய்த்து சார், போயிடுச்சு. உள்ள ஊசி தட்டுது, கேக்குதா? ஆன் பண்ணப் பண்ண இன்னும் அழியும். திங்கக்கிழமை எடுத்துட்டுப் போயி, கிடைக்கிறத காப்பி பண்ணித் தரேன். அதுவரைக்கும் பிளக்கே போடாதீங்க."

"எம் புள்ள குரல் கிடைக்குமாண்ணா?" என்று கேட்டாள் தனலக்ஷ்மி.

"ஸ்வல்ப டவுட்தான்மா. பாக்கலாம்" என்று சொல்லி, ரங்காவே பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் சுருட்டி வைத்துவிட்டுப் போனார்.

ஜெயவேலு அந்தத் தட்டலை எண்ணியிருந்தார். ஊசி தட்டினால் தட்டட்டும், அது ஏன் எண்ணித் தட்ட வேண்டும்? மூன்று தட்டு. ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று. இருபத்தாறு வருஷம் பூமிக்கடியில் வேலை பார்த்தவர், அதில் பாதி மீட்புக் குழுவில். பாறை சரிந்து வழி அடைத்துக்கொண்டால் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவன் கல்லை எடுத்துக் காற்றுக் குழாயில் அப்படித்தான் தட்டுவான். உயிரோடு இருக்கிறேன் என்று அதற்கு அர்த்தம்.

விபத்து நடந்த இடத்து டீக்கடைக்காரர் ஒருவர் ஆஸ்பத்திரி வாசலில் தயங்கித் தயங்கிச் சொன்னது அவருக்கு மட்டும்தான் தெரியும். "வண்டிக்குள்ளேருந்து ரொம்ப நேரம் டக்கு டக்குனு கேட்டுச்சு சார். இன்ஜின் சூடு தணியிதுன்னு நெனச்சிட்டோம்." தங்கவயல்காரன் ஒருவன் அந்தக் கூட்டத்தில் நின்றிருந்தால் வெறுங்கையால் பலகையைப் புரட்டியிருப்பான். இதை மனைவியிடம் சொல்ல ஜெயவேலுவுக்கு மூன்று மாதமாக வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தனலக்ஷ்மி தன் தங்கை கோமளம் வீட்டுக்குப் போயிருந்தாள். மணி ஆறு இருக்கும், ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஹோசூர் ரோட்டு லாரிகளின் இரைச்சலும், பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கும் வாசனையும், ரங்கா ஊதிவிட்டுப் போன தூசியின் பழைய நெடியும் அறைக்குள் கலந்து கிடந்தன. ஜெயவேலு கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தார். தட்டும் சத்தம் கேட்டது. மூன்று. நிறுத்தம். மூன்று. அவர் பிளக்கைப் பார்த்தார். அது சுருட்டியபடி மேசைமேல் கிடந்தது.

அவர் யோசிக்கவே இல்லை. தரையில் மண்டியிட்டு, விரல் முட்டியால் சிபியுவின் தகட்டில் மூன்று தட்டினார்.

சத்தம் நின்றது. லாரிகள் ஓடுவதுகூடக் காதில் விழவில்லை. பிறகு உள்ளிருந்து கணக்கில்லாமல் தட்டல் வந்தது. படபடவென்று. ஆள் வந்துவிட்டது தெரிந்தவன் தட்டுவது போல.

அப்போதுதான் அவருக்குத் தன் தப்பு உறைத்தது. மீட்புக் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தோண்டிப் போக வழி இல்லாத இடத்துக்குப் பதில் தட்டக் கூடாது. பதில் கேட்டவன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருப்பான். கேட்காதவன் ஒரு ராத்திரியில் அடங்கியதையும், கேட்டவன் நான்கு நாள் தட்டிக்கொண்டே இருந்ததையும் நேரில் அறிந்தவர் அவர்.

ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எடுத்தார். பக்கத் தகட்டைக் கழற்றினார். ஹார்ட் டிஸ்க்கை உருவினார். தட்டல் நிற்கவில்லை. ஃபேன். ராம். போர்டு. எல்லாவற்றையும் தரையில் பரப்பினார். கடைசியில் வெறும் தகரப் பெட்டி மட்டும் நின்றது.

மூன்று. நிறுத்தம். மூன்று.

"இன்னாங்க இது?" வாசலில் தனலக்ஷ்மி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள். "எல்லாத்தையும் பிச்சிப் போட்டுட்டியே! அவன் குரலு?"

"தனம், அவன் உடனே போவல. ரெண்டு மணி நேரம் உள்ளேருந்து தட்டினு இருந்தானாம். உன்கிட்ட நான் சொல்லல." அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். "இப்போ நான் பதில் தட்டிட்டேன்."

அவள் அழவில்லை. பெட்டியின் மூடியிருந்த பக்கமாகப் போய் உட்கார்ந்து கையை ஓங்கினாள்.

"தட்டாத தனம்! நம்மால போவ முடியாது. தட்டினா காத்துனு இருப்பான்!"

"எம் புள்ள கூப்புட்றான். பேசாம இருக்கச் சொல்றியா?"

அவள் தட்டினாள். மூன்று முறை.

தகடு வெளிப்பக்கம் புடைத்தது. ஒரு விரல் முட்டி அளவுக்கு. பக்கத்தில் இன்னொன்று. தனலக்ஷ்மி உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள்.

"இதோ கண்ணு. அப்பா வந்துட்டாரு. தூங்கிடாத."

திறந்திருந்த பக்கம் வழியாக ஜெயவேலு உள்ளே பார்த்தார். காலிப் பெட்டி. தூசி. அந்தப் பக்கத் தகட்டை எதுவும் தொடவில்லை. அது மட்டும், தட்டத் தட்ட, அவள் உள்ளங்கைக்குள் மெல்லக் குழிந்து குழிந்து போய்க்கொண்டிருந்தது.