கீரைக்கட்டில் வந்த அரணை

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குச் சமையலறையில் இருந்தவர்கள் இவர்கள்: ரயில்வே பணிமனையில் வேலை பார்க்கும் அப்பா ஏசுபாதம், அம்மா ஞானம்மாள், பக்கத்து வீட்டுப் பச்சையம்மா, ஐந்தாம் வகுப்பு படிக்கும் ரோஸி. ஐந்தாவதாக, ஓர் அரணை.

இருக்க வேண்டிய ஒருத்தி மட்டும் இல்லை. ரோஸியின் அக்கா ஜான்சி நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படிக்கிறாள். அந்தக் குடும்பத்தின் முதல் டாக்டர் ஆகப்போகிறவள். தாம்பரத்தில் அந்தத் தெருவுக்கே அது பெருமைதான். ஆனால் பெருமைக்குத் தலை பின்னிவிடத் தெரியாதே! இப்போதெல்லாம் அப்பாதான் ரோஸிக்குப் பின்னிவிடுகிறார். இரண்டு பின்னலும் இரண்டு உயரத்தில் தொங்குகின்றன.

பச்சையம்மா முந்தின நாள் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போய், இரண்டு வீட்டுக்கும் கீரை வாங்கி வந்திருந்தார். அம்மா கட்டைப் பிரிக்காமல் அப்படியே ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டாள். காலையில் பிரித்தபோது, விறைத்த குச்சி போல ஒன்று மேடைமேல் விழுந்தது. பழுப்பு நிறம், எண்ணெய் தடவியது போன்ற பளபளப்பு.

“ஐயோ, பாம்பு!” என்றாள் அம்மா.

“பாம்புக்கு ஏதும்மா காலு? இது அரணை,” என்றார் பச்சையம்மா. சொன்ன கையோடு இரண்டடி பின்னால் போனார். “யாரும் தொடாதீங்க! அரணை கடிச்சா மரணம்!”

“அதுக்குத்தான் மறதி ஜாஸ்தியாச்சே. கடிக்க வர்றதுக்குள்ள, எதுக்கு வந்தோம்னு மறந்துடுமாம்,” என்றார் அப்பா.

“செத்துக் கிடக்குது. இதுல மறதி வேற! தூக்கிப் போடுங்க. கீரையே வீணாப் போச்சு,” என்றாள் அம்மா.

“என் கீரையைக் குத்தம் சொல்லாதே ஞானம்மா. ஒவ்வொரு கட்டா பார்த்துத்தான் வாங்கிகினு வந்தேன்.”

“பார்த்துத்தான் வாங்கியிருப்பீங்க. உள்ளேயிருந்து அதுவும் உங்களைப் பார்த்திருக்கும்!”

பச்சையம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு இடுக்கியை எடுத்தார். அரணையின் வாலுக்குக் குறி வைத்தார்.

“வாலைப் பிடிக்காதீங்க பெரிம்மா! கழண்டு வந்துடும்!” என்று கத்தினாள் ரோஸி.

“செத்ததுக்கு வாலு இன்னாத்துக்குடி?”

“செத்துப் போச்சுன்னு யாரு சொன்னா?”

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ரோஸிக்கே ஆச்சரியமாக இருந்தது. அது அவள் குரல்தான், ஆனால் பேச்சு அக்காவுடையது.

போன மாதம் ஜான்சி இரண்டு நாள் வந்திருந்தாள். அந்த இரண்டு நாளும் பல்லி, ஓணான், அரணை என்று நோட்டிலேயே தலையைக் கவிழ்த்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார ஒரே வழிதான் இருந்தது: நோட்டைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பது.

“பல்லி இனத்துக்கு இதயத்துல எத்தனை அறை?”

“மூணு.”

“மூச்சு எப்படி விடும்?”

“நமக்கு நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல ஒரு தசைத் தடுப்பு இருக்கு. அதுக்கு அப்படி இல்ல. விலா எலும்பை அசைச்சுத்தான் மூச்சு விடும்.”

“குளிர்ந்துட்டா?”

“அதுக்குச் சொந்தமா சூடு கிடையாதுடி, வெளியிலேர்ந்து வாங்கிக்கணும். குளிர்ந்தா எல்லாமே மெதுவாயிடும். பார்க்கச் செத்த மாதிரியே இருக்கும்.”

நோட்டு முடிந்தால் அக்கா எழுந்து போய்விடுவாளே என்று ரோஸி அதே கேள்விகளை மறுபடியும் முதலிலிருந்து கேட்டாள். அப்படித்தான் அவளுக்கு எல்லாம் மனப்பாடம் ஆயிற்று.

“அக்காவையே கேட்டுடலாமே. பத்து மணிக்குத்தானே பரீட்சை?” அப்பா கைபேசியை நீட்டினார்.

ரோஸி வாங்கிக்கொண்டாள். திரையில் ஜான்சியின் படம் சிரித்தது. அதைத் தொட்டால் போதும், அக்காவின் குரல் கேட்கும். ஒன்பது நாளாகக் கேட்காத குரல். இப்போது அழைக்கக் காரணமும் இருக்கிறது. யாரும் குறை சொல்லப்போவதில்லை.

ஆனால் ஓர் உயிர் ஊசலாடுகிறது என்று தெரிந்துவிட்டால், அக்கா பரீட்சையை நிம்மதியாக எழுதுவாளா? கேள்வித்தாளைப் பார்ப்பாளா, அரணையை நினைப்பாளா?

ரோஸி கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். “வேணாம்பா. எனக்கே தெரியும்.”

அட்டைப்பெட்டி மூடியில் பழைய துணியை விரித்தாள். அரணையை உள்ளங்கையில் ஏந்தி அதில் வைத்தாள். குளிர்ந்த கரண்டிக்காம்பைத் தொட்டது போல் இருந்தது.

“வெந்நீர் ஊத்தும்மே, டக்குனு எழுந்துக்கும்,” என்றார் பச்சையம்மா.

“கூடாது பெரிம்மா. மெதுவாத்தான் சூடாகணும்.”

“அப்போ இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்சம் தள்ளி வெச்சா?” என்றார் அப்பா.

“அப்பா!”

மொட்டைமாடியில் பாதி வெயிலும் பாதி நிழலுமாக ஓர் இடம் பார்த்து மூடியை வைத்தாள். குப்புறப் படுத்து, அரணையின் விலாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அசைவு இல்லை.

கீழே கடிகாரம் பத்து அடித்தது.

“அக்காவுக்குக் கேள்வித்தாள் குடுத்திருப்பாங்க,” என்றாள் ரோஸி. அம்மாவும் அப்பாவும் பின்னாலேயே ஏறி வந்திருந்தார்கள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகில் கை வைத்தாள்.

வெயில் நகர்ந்தது. ரோஸி மூடியையும் நகர்த்தினாள். அவள் கழுத்து வலித்தது. கண்கள் எரிந்தன. ஒருவேளை தன் நினைவுதான் தப்போ? அக்கா வேறு ஏதோ சொல்லியிருப்பாளோ?

அப்போது விலா உப்பியது. மெல்ல அடங்கியது.

“மூச்சு!” ரோஸி கிசுகிசுத்தாள்.

அடுத்த மூச்சு வர வெகுநேரம் ஆயிற்று. அதற்கடுத்தது சீக்கிரம் வந்தது. கீழிமை இறங்கி, கறுப்பு மிளகு போல ஒரு கண் திறந்தது. அரணை நிழலுக்கு நகர்ந்தது. நின்றது. சட்டென்று சுவரோரம் ஓடி, குழாயைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டது. வாலில் ஒரு செதில்கூடக் குறையவில்லை.

“ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லலை பாரு,” என்றார் அப்பா.

“மறந்திருக்கும்,” என்றாள் அம்மா.

சாயங்காலம் ஜான்சியே அழைத்தாள். ரோஸி ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னாள்.

“ஏன்டி எனக்குப் போன் பண்ணல?”

“நீ பரீட்சைக்குப் போயிட்டிருந்தே.”

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு ஜான்சி, “முதல் மூச்சு எத்தனை மணிக்கு வந்தது? இரு, எழுதிக்கறேன்,” என்றாள்.

“பத்தேகால். அக்கா, நீ எப்போ வருவே?”

“ஈஸ்டருக்குத்தான்டா.”

இன்னும் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள். ரோஸி “சரி” என்றாள். அழவில்லை.

முதல் ஞாயிறு மறுநாளே வந்தது. அதற்குள் பச்சையம்மா நாலு பேரிடம் சொல்லி, நாலு பேர் நாற்பது பேரிடம் சொல்லியிருந்தார்கள். சர்ச் வாசலில் சுந்தரராமன் மாமா சைக்கிளை நிறுத்தினார். அவர் அதே தெருவில் மளிகைக் கடை வைத்திருப்பவர்.

“ரோஸி! உங்க அக்கா நேத்து நாமக்கல்லேர்ந்து ஓடி வந்து, ஊசி போட்டு, செத்த அரணையைப் பிழைக்க வெச்சுட்டாளாமே? தெருவே பேசிக்குது!”

அக்கா ஓடி வந்தாள். கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது! ரோஸி அந்த வார்த்தைகளை ஒரு கணம் மனசுக்குள் வைத்துப் பார்த்தாள். அக்கா பையோடு படியேறி வருவதுகூடத் தெரிந்தது. பிறகு நிமிர்ந்து நின்றாள்.

“அக்கா வரல மாமா. ஊசியும் போடல. அரணை சாகவும் இல்ல, அதுக்குக் குளிர். நான்தான் வெயில்ல வெச்சேன்.”