கறிவேப்பிலையை ஒதுக்கும் தட்டு

புழுக்கள் கறிவேப்பிலையை மட்டும் தின்னாமல் ஒதுக்கி வைத்திருந்தன.

நவமணி குனிந்து பார்த்தாள். அவள் நிற்கும் பக்கமாக, தட்டின் ஓரத்தில், இலைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடந்தன. புக்கிட் தெங்காவில் இந்தக் கொட்டகைக்கு வேலைக்கு வந்த நாள் முதல், ஒரு புழுகூட எதையும் வேண்டாமென்று சொல்லி அவள் பார்த்ததில்லை. லிட்டில் இந்தியாவின் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளில் மிஞ்சுவதெல்லாம் லோரியில் வந்து, அரைபட்டு, இந்தத் தட்டுகளில் விழும். ஈயின் புழுக்கள் அதைத் தின்று கொழுக்கும். கொழுத்ததும் ஓவனில் காய்ந்து கோழித் தீவனமாகும். அவ்வளவுதான் அவற்றின் பிழைப்பு.

கறிவேப்பிலையை இப்படி அடுக்குகிற ஒரே ஆளை அவளுக்குத் தெரியும். அவள் கணவர் பழனியப்பன். அடுக்கியதை எறியவும் மாட்டார். உனக்கு முடி வளரும் என்று எடுத்து அவள் பக்கம் வைப்பார். பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்திவிட்டு, அதே வாழையிலையில் மிச்சத்தை அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். அக்கம்பக்கத்தில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இந்த மழைக்காலம் தொடங்கும் முன், மாரடைப்பில் போய்விட்டார்.

கருமாதிப் படையலைக் காக்கை எடுக்கவில்லை. பிறை டவுனில் அவர்கள் குடியிருந்தது உயரமான பிளாட், வந்ததெல்லாம் புறா. அவருக்கு வைத்த சோற்றைக் குப்பையில் கொட்ட மனம் வராமல், மறுநாள் வேலைக்குக் கொண்டுவந்து இந்தத் தட்டில் கவிழ்த்தாள். புழுவும் உயிர்தானே. சோறு கண்ணெதிரே கரைந்தது. அவரே சாப்பிட்டதுபோல் வயிறு நிறைந்தது அவளுக்கு. அன்றிலிருந்து தினமும் யாருக்கும் தெரியாமல், வீட்டுச் சோற்றில் ஒரு பிடி, கறிவேப்பிலையோடு, போட்டாள்.

மழையில் மற்ற தட்டுகளெல்லாம் மந்தமாகிவிட்டன. குளிர் ஏறினால் புழு தின்னாது; தீனியில் தண்ணீர் கோத்தால் மூச்சு முட்டும். இந்தத் தட்டு மட்டும் தொட்டால் காய்ச்சல்கார உடம்பாகச் சுட்டது. புழுக்கள் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்திருந்தன.

கொட்டகையை நடத்தும் தங்கராஜு பின்னால் வந்து நின்றான்.

"இதுக்கு மட்டும் என்னக்கா போட்டீங்க?"

"ஒண்ணும் போடல தம்பி."

"கூட்டம் ஜாஸ்தியாயிருச்சு லா. சூட்டுலயே செத்துரும். காலையில பாதிய அள்ளி எல்லாத் தட்டுலயும் பிரிச்சு விட்டேன். மிச்சத்த நாளைக்கு ஓவன்ல போட்டுருவோம்."

சாயங்காலம் அவன் கார் கிளம்பிப் போன பிறகும் அவள் அந்தத் தட்டருகிலேயே நின்றாள். ஓவன். ஒருமுறை எரித்தது போதாதா? நாளை விடிவதற்குள் அவர் இங்கிருந்து போயாக வேண்டும். தானே கூப்பிட்டுத் தானே விரட்டுவதா? அதைவிட, இனி போக மாட்டாரோ என்ற பயம் பெரிதாக இருந்தது.

அன்றைக்கென்று வீட்டில் நண்டுக் குழம்பு வைத்துக் கொண்டுவந்திருந்தாள். துண்டு வாழையிலையைத் தட்டின்மேல் விரித்து, சோறு போட்டு, குழம்பை ஊற்றினாள்.

"ஏங்க, இதுதான் கடைசி. சாப்புட்டுட்டுப் போயிடுங்க. இங்க இருக்க வேணாம்."

இலை அசைந்தது. புழுக்கள் ஏறி வந்தன. பார்க்கப் பிடிக்காமல் அரவை இயந்திரத்தைக் கழுவப் போனாள். கழுவியதையே மறுபடி கழுவினாள். சாவியை எடுத்தாள், வைத்தாள், வாசலைப் பார்த்தாள். தகரக் கூரையில் மழை இறங்கியது. மழைக்கு அடியில், எப்போதும்போல் அந்தச் சத்தம்: ஆயிரக்கணக்கான சின்ன வாய்கள் ஈரத்தை அரைக்கும் சத்தம். புளித்த சோற்று வாடையின் நடுவே நண்டுக் குழம்பின் மணம் மட்டும் தனியாக வந்தது.

மின்சாரம் போனது.

மழை விட்டது. அரைக்கும் சத்தமும் நின்றது. எல்லாத் தட்டுகளிலும். ஒரே நேரத்தில்.

கைப்பேசி விளக்கை அடித்தாள். வெளிச்சம் பட்டால் புழு அடியில் ஓடிவிடும். இவை ஓடவில்லை. தலையைத் தூக்கி அவள் பக்கம் நின்றன.

பக்கத்துத் தட்டில் வெளிச்சம் விழுந்தது. அரைபட்ட பச்சைத் துணுக்குகள், ஓரத்தில், வரிசையாக. அடுத்த தட்டிலும். அதற்கடுத்ததிலும்.

வாழையிலையைப் பார்த்தாள். சரிபாதி சுத்தமாகத் துடைத்ததுபோல் இருந்தது. மறுபாதியில் சோறு குவிந்திருந்தது. ஓட்டை நீக்கி எடுத்த நண்டுச் சதை அதன்மேல். அதற்கும் மேல் கறிவேப்பிலை.

அவளுக்கு.

"எனக்குப் பசிக்கலங்க."

எதுவும் அசையவில்லை. அவள் சாப்பிடாமல் அவர் எழுந்திருக்க மாட்டார். ஒருநாளும் எழுந்ததில்லை. இன்று அவர் எழுந்தே ஆக வேண்டும்.

நவமணி ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். சூடாக இருந்தது. ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தாள்.

மென்றாள்.

கொட்டகை முழுக்க மெல்லும் சத்தம் எழுந்தது.

நிறுத்தினாள். அதுவும் நின்றது.

மறுபடி மென்றாள். அழுதுகொண்டே, கண்ணை மூடிக்கொண்டு, பிடி பிடியாக எடுத்து விழுங்கினாள். எல்லாத் தட்டுகளும் கூடவே மென்றன. கண்ணைத் திறந்தபோது, இலையில் சோறு குறையாமல் அப்படியே இருந்தது. மேலே புதிதாக ஒரு கறிவேப்பிலை வைத்திருந்தது.