மஞ்சள் பெட்டி ஏன் கத்தவில்லை?

போன் அடித்தது.

ஏஞ்சலின் எடுக்கவில்லை. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

மறுபடியும் அடித்தது...

எடுத்தாள். அன்புசெல்வன்.

"ஏஞ்சல்... எங்க கீற?"

"ஆபீஸ்லதான். சாப்பிடப் போலாம்னு இருந்தேன். இன்னா?"

"உடனே எங்க கம்பெனிக்கு வா. மோசஸ் அண்ணா மேல ஃபோர்க்லிஃப்ட் சாஞ்சிடுச்சி."

"எங்க அடி?"

அந்தப் பக்கம் யாரோ அழுவது கேட்டது.

"அன்பு... ஆஸ்பத்திரிக்கு இட்னு போய்ட்டாங்களா?"

"இல்ல ஏஞ்சல். இட்னு போயி ஒண்ணும் ஆவப் போறதில்லைன்னு சொல்ட்டாங்க."

போனை வைத்தாள். மேஜையில் இருந்த மஞ்சள் பெட்டியின் மூடியில் மிச்சமிருந்த ஸ்க்ரூக்களைத் திருகி முடித்தாள். துணியால் துடைத்தாள். அப்புறம்தான் எழுந்தாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அவள் இன்ஜினியர். தொழிற்சாலை வண்டிகளுக்குப் பாதுகாப்புப் பெட்டி செய்கிற கம்பெனி. வண்டி அளவுக்கு மீறிச் சாய்ந்தால் பெட்டி அலறும். இன்ஜினை நிறுத்தும்.

இரண்டு தெரு தள்ளி இருந்த இரும்புத் தொழிற்சாலையில் அவளுடைய அண்ணன் மோசஸ், பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினான். அதே இடத்தில் அன்புசெல்வன் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். தை மாதம் அவனுக்கும் ஏஞ்சலினுக்கும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள்.

பழைய இரும்பு குவித்திருந்த யார்டில் ஃபோர்க்லிஃப்ட் பக்கவாட்டில் படுத்திருந்தது. அதன் பேட்டரி கழன்று தனியாக விழுந்து கிடந்தது.

பக்கத்தில் ஒரு வெள்ளைத் துணி. துணிக்கு வெளியே மோசஸின் ஒரு ஷூ.

லேஸ் அவிழ்ந்திருந்தது. குனிந்து கட்டிவிட்டாள்.

"தொடக்கூடாதும்மா" என்றார் இன்ஸ்பெக்டர் பரசுராமன். ஆனால் அவள் கட்டி முடிக்கும்வரை காத்திருந்தார்.

மேனேஜர் சந்திரமோகன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி வந்தார்.

"இவங்கதான் சார் அந்தப் பெட்டியச் செஞ்சவங்க."

"எந்தப் பெட்டி?"

அவர் காட்டினார். வண்டியின் தூணில் இருந்தது மஞ்சள் பெட்டி. அவள் கையால் மூடிய பெட்டிகளில் ஒன்று.

"வண்டி சாஞ்சா அது கத்தணும் சார். கத்தவே இல்ல. சாவி ஆன்லதான் இருந்துச்சு. எங்க ஆளுங்க எல்லாம் கேன்டீன்ல இருந்தாங்க. ஒருத்தர் காதுலயும் விழல."

"ஏம்மா கத்தல?"

ஏஞ்சலின் பெட்டியையே பார்த்தாள்.

அன்புசெல்வன் லேப்டாப்போடு வந்தான். கண்கள் சிவந்திருந்தன.

"சார்... சொல்றதுக்கே கஷ்டமா கீது. பெட்டியில ஒயரப் போட்டுப் பார்த்தேன். இத பாருங்க."

திரையில் வரிசையாக ஆங்கில வரிகள். மேலே 'ஏஞ்சலின்' என்று அவள் பெயர்.

"இது இன்னா தம்பி?"

"போர்டு ஃபைல் சார். ஏஞ்சல், நீயே சொல்லு."

அவள் குரல் யாரோ வேறு ஒருத்தியுடையது போல வந்தது.

"பெட்டிக்குள்ள ஒரு குட்டி கம்ப்யூட்டர் கீது சார். அதுக்குத் தன்னோட போர்டுல இன்னா இன்னா கீதுன்னு தானாத் தெரியாது. நாமதான் எழுதிக் குடுக்கணும். இந்த ஒயர்ல ஆக்ஸிலரோமீட்டர் கீது, அதோட அட்ரஸ் இது, எந்தப் பக்கம் பார்த்துக்கினு நிக்குது... எல்லாம்."

"ஆக்ஸிலரோ...?"

"அசைவும் சாய்வும் பார்க்கிற சென்சார் சார். அது சும்மா இருந்தாலும் பூமி எந்தப் பக்கம் இழுக்குதுன்னு தெரிஞ்சிக்கும். அத வெச்சிதான் வண்டி சாயறத சொல்லும்."

"சரி. இதுல இன்னா தப்பு?"

அன்புசெல்வன் ஒரு வரியில் விரலை வைத்தான்.

'டிஸேபிள்டு'.

"சென்சார் ஆன்ல இருக்கணும்னா ஓகேன்னு எழுதணும். அதுக்குப் பதிலா ஆஃப்ல வைன்னு எழுதி கீது சார். பெட்டிக்குக் கண்ணு இல்லாத மாதிரி."

"நான் ஓகேன்னுதான் எழுதுனேன்" என்றாள் ஏஞ்சலின்.

"ஃபைல்ல உன் பேர்தாம்மா கீது" என்றார் பரசுராமன். "ஊர விட்டுப் போவாத. நாளைக்கு ஸ்டேஷனுக்கு வரணும்."

சாயங்காலம் கவரைப்பேட்டை வீட்டில் கூட்டம். உடல் இன்னும் பொன்னேரி ஆஸ்பத்திரியிலிருந்து வரவில்லை. ஜெபம் பண்ண வந்தவர்கள் வாசலில் நின்று தாழ்ந்த குரலில் பேசினார்கள். ஏஞ்சலின் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது.

அம்மா சாராள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"ஏஞ்சலு... உன் பெட்டிதான் அவனைக் கொன்னுச்சாமே?"

"யாரும்மா சொன்னது?"

"எல்லாரும்தான். மெய்யா?"

ஏஞ்சலின் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. உடம்பு முழுவதும் மரத்துப்போன பல் மாதிரி இருந்தது.

"அவன் ஒரு வாரமாவே சரியா சோறு துன்னல" என்றாள் சாராள். "பிரஸ் மெஷின்ல மாட்டி ஒரு ஒடிசா பையன் செத்துட்டான்ல... அதையே நினைச்சிக்கினு இருந்தான். திங்கக்கிழமை மெட்ராஸ் போயி பெரிய ஆபீஸர்கிட்ட ஒரு விசயம் சொல்லணும்னான். இன்னா விசயம்டான்னா சொல்லல."

ஏஞ்சலின் காதில் அது விழுந்தது. மனதில் வேறு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

ஓகேன்னுதானே எழுதினேன்?

மறுநாள் காலை முதல் வேலையாகத் தன் ஆபீஸுக்குப் போய்ப் பழைய காப்பியைத் திறந்தாள்.

'ஓகே'.

நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சந்தோஷம் வரவில்லை. பயம்கூட வரவில்லை. லேப்டாப்பை மூடிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

பரசுராமன் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இது உன்கிட்ட இருக்கிற காப்பி. ராவோட ராவா நீயே மாத்தி எழுதிட்டேன்னு வக்கீல் கேட்டா இன்னா சொல்லுவ?"

"சரிதான் சார். வண்டியில இருக்கிற பெட்டியை நான் பார்க்கணும். நீங்க பக்கத்துல நில்லுங்க."

"அதைத்தான் நேத்தே பார்த்தாச்சே?"

"ஃபைலைத்தான் சார் பார்த்தோம். பெட்டியைப் பார்க்கல."

பரசுராமன் தொப்பியை எடுத்தார்.

யார்டில் காவலுக்கு இரண்டு கான்ஸ்டபிள்கள். கம்பெனி சார்பில் அன்புசெல்வன் வந்து நின்றான்.

"ஏஞ்சல், எதுக்கு இதெல்லாம்? ஊட்டுக்குப் போ. அம்மா தனியா இருப்பாங்க."

"அஞ்சு நிமிஷம் அன்பு."

"அதுல ஒண்ணும் இருக்காது. சென்சார்தான் டிஸேபிள்டாச்சே."

ஏஞ்சலின் மண்டியிட்டாள். மஞ்சள் பெட்டியின் ஓரத்தில், புழுதிக்குள், ஒரு பச்சை விளக்கு மினுக்கியது.

ஒயரைச் சொருகினாள். தட்டினாள். படித்தாள்.

மறுபடியும் படித்தாள்.

"சார்... இங்க வாங்க."

பரசுராமன் குனிந்தார்.

"ஃபைல்ல ஆஃப்னு கீது. ஆனா உள்ள சென்சார் ஓடிக்கினுதான் கீது."

"அது எப்படிம்மா?"

"ஸ்டார்ட் ஆவும்போது ஒரே ஒரு தபாதான் சார் அந்த ஃபைலப் படிக்கும். அப்புறம் அது பக்கம் திரும்பாது. ஸ்டார்ட் ஆனப்போ அதுல ஓகேன்னு இருந்திருக்கு. ஓடிக்கினு இருக்கும்போது யாரோ மாத்தியிருக்காங்க."

"எப்ப?"

"ஃபைல மாத்துன நேரம் இங்க பதிவாயி கீது. முந்தாநாள் இல்ல, போன வாரம் இல்ல. நேத்து. மத்தியான சாப்பாட்டுக்கு முன்னாடி."

"நேத்து அந்த நேரத்துல நீ?"

"எங்க ஆபீஸ்ல. எல்லார் கண்ணு முன்னாடியும்."

அன்புசெல்வன் தண்ணீர் பாட்டிலைத் திறந்தான். குடிக்கவில்லை.

ஏஞ்சலின் திரையைத் திருப்பினாள். பச்சைக் கோடு ஒன்று ஓடியது. அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. வேறு யாருடைய அண்ணனைப் பற்றியோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"இங்க கோடு நடுங்குதுல்ல? அது இன்ஜின் ஓடுற அதிர்வு. இங்க நின்னுடுச்சி. அண்ணா வண்டிய நிறுத்திட்டான். இத பாருங்க, ஒரு சின்ன இடி. வண்டி மேல எதுவோ விழுந்த மாதிரி. அப்புறம் ரொம்ப நேரம் அசைவே இல்ல."

"ம்..."

"அப்புறம்தான் சார் சாயுது. மெதுவா... கொஞ்சம் கொஞ்சமா... கடைசியில தடால்னு. ஆனா அப்போ இன்ஜின் அதிர்வே இல்ல. ஓட்டினு போனப்போ சாயல. நின்னுக்கினு இருந்த வண்டியப் பக்கத்துல இருந்து எதுவோ தள்ளியிருக்கு."

பரசுராமன் நிமிர்ந்தார். பத்தடி தூரத்தில் இரும்பு அள்ளுகிற லோடர் நின்றது. அதன் வாயின் ஓரத்தில் ஃபோர்க்லிஃப்ட்டின் மஞ்சள் பெயின்ட் ஈஷியிருந்தது.

"அப்ப சென்சார் வேலை செஞ்சிதுன்னா பெட்டி ஏம்மா கத்தல?"

"ஸ்பீக்கர் வண்டி கரன்ட்ல ஓடுது சார். சாவி ஆன்ல இருந்தாதான் கத்தும். சாயறப்போ சாவி ஆஃப்ல இருந்திருக்கு."

"நாங்க வர்றப்ப ஆன்ல இருந்துச்சே?"

"அப்புறமா யாரோ திருப்பி வெச்சிருக்காங்க. அதுக்குள்ள வண்டி பேட்டரி கழண்டு விழுந்துடுச்சி. ஆன் பண்ணாலும் கத்தாது."

"அது எப்படி ஆவும்?" என்றான் அன்புசெல்வன்.

இருவரும் திரும்பினார்கள்.

"வண்டி கரன்ட் இல்லன்னா பெட்டியும் செத்துடும்ல? அப்புறம் எப்படி இதெல்லாம் பதிவாவும்? ஏஞ்சல், நீ குழம்பிப்போய் கீற."

"இந்த மாடல்ல உள்ளயே தனி பேட்டரி வெச்சிருக்கோம் அன்பு. புதுசு. உன்கிட்ட சொல்லணும்னு நினைச்சேன், மறந்துட்டேன். சாவிய ஆஃப் பண்ணாலும் பெட்டி ஆஃப் ஆவாது. அதான் ஃபைலைத் திருப்பிப் படிக்கவே இல்ல."

"இல்ல, நான்தான் சாவிய ஆஃப் பண்ணி ஆன் பண்..."

நிறுத்தினான்.

தூரத்தில் ஒரு சரக்கு ரயில் ஆந்திரா பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"எந்தச் சாவிய தம்பி?" என்றார் பரசுராமன் மெதுவாக.

அன்புசெல்வன் ஏஞ்சலினைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

பாட்டில் கையிலிருந்து நழுவியது.

"பிரஸ்ல சேஃப்டி சுவிட்ச நான்தான் ஒயர் போட்டு பைபாஸ் பண்ணேன்" என்றான். "வேலை சீக்கிரம் ஆவும்னு. பையன் செத்தப்புறம் அந்த ஒயரை எடுத்தேன். மோசஸ் பார்த்துட்டாரு. திங்கக்கிழமை மெட்ராஸ் போவேன்னாரு. எவ்வளவோ கெஞ்சினேன் சார். உங்க தங்கச்சிய கட்டிக்கப் போறவன்னு சொன்னேன். அதுக்காகத்தான் உனக்கு மூணு நாள் டைம் குடுத்தேன், நீயே போய்ச் சொல்லுன்னாரு."

"பின்மண்டையில காயம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க. அதனால அடிச்சிப் போட்டு, லோடரால வண்டியச் சாச்சிட்ட" என்றார் பரசுராமன்.

தலையாட்டினான்.

"பழிய என் மேல போட்ட" என்றாள் ஏஞ்சலின்.

"உனக்கு ஜெயில் எல்லாம் ஆவாது ஏஞ்சல். கவனக்குறைவுன்னு விட்டுடுவாங்க. நான் நல்ல வக்கீலா பார்த்து..."

"கல்யாணம்?"

அவன் கீழே கிடந்த பாட்டிலைப் பார்த்தான்.

அவள் ஒயரைக் கழற்றினாள். சுருட்டினாள். பையில் வைத்தாள். புழுதியிலேயே உட்கார்ந்தாள். ஒரு கான்ஸ்டபிள் தோளைப் பிடித்தார். அப்போதும் அழவில்லை.

"சார்... எங்கம்மாகிட்ட நீங்க வந்து சொல்லணும். நான் சொன்னா ஊர்ல யாரும் நம்ப மாட்டாங்க."

"நானே வர்றேம்மா. ஜீப்ல ஏறு."

அன்புசெல்வனின் கைகளில் விலங்கு விழுந்தது. வேனில் ஏறும்போது அவன் ஒரே ஒருமுறை திரும்பிப் பார்த்து முணுமுணுத்தான்.

"எல்லாம் சரியாத்தான் சார் பண்ணேன்..."

பரசுராமன் வேன் கதவைச் சாத்தினார்.

"எங்க ஸ்டேஷன் கம்ப்யூட்டர் மாட்டிக்கினா, எட்டாவது பெயிலான எங்க டிரைவர்கூட பிளக்கைப் புடுங்கித்தான்யா போடுவான். இன்ஜினியர் சாருக்குச் சாவியத் திருப்பினாப் போதும்னு யார் சொன்னது?"