பத்துக்கு ஒன்பது

மூன்று மணிக்கு எடித் பேச ஆரம்பித்துவிடுவாள் என்பதால், இரண்டே முக்காலுக்கே ஜெசிந்தா செவிக்குமிழ்களைக் காதில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா அறை வாசலில் வந்து நின்றார்.

"எம்மா ஜெசி, இன்னைக்கு கண்ணாஸ்பத்திரியில என்ன சொன்னாங்கன்னா..."

ஜெசிந்தா வலது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாள். அந்த வீட்டில் அதற்கு 'பயிற்சியில் இருக்கிறேன்' என்று அர்த்தம். ஏழு மாதமாகப் புழங்கும் சைகை. மரியதாஸ் தலையாட்டிவிட்டுத் திரும்பிப் போனார். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் இழுவைப் படகு ஓட்டியவர். பெரிய பெரிய கப்பல்களை இழுத்து நிறுத்தத் தெரிந்த மனிதருக்கு மகளை ஒரு நிமிடம் நிறுத்தி வைக்கத் தெரியவில்லை.

எல்லாம் சில வருடங்களுக்கு முன் நடந்த ஒரு கூத்தால் வந்தது. அதுவரை வெளிநாட்டு வேலைக்கான ஆங்கிலக் கேட்டல் தேர்வுக்கு இயந்திரக் குரல்களை வைத்துத்தான் எல்லோரும் தயாரானார்கள். சளி பிடிக்காத, பல் விழாத, பிசிறில்லாத குரல்கள். அதில் முழு மதிப்பெண் வாங்கிக் கடல் கடந்து போன செவிலியர்கள், நிஜமான கிழவர் ஒருவர் இருமலுக்கு நடுவே தண்ணீர் கேட்டபோது திருதிருவென்று விழித்தார்கள். உடனே தேர்வாயம் இயந்திரக் குரலைத் தடை செய்தது. இனி மூச்சு விடும் மனிதர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் பழக வேண்டும்.

சரி, வேலை மெனக்கெட்டு யார் தினமும் பேசுவார்கள்? கேட்க ஆளில்லாதவர்கள் பேசுவார்கள். அப்படிப் பிறந்ததுதான் செவிப்பாலம். ஒரு முனையில் தனியாக இருக்கும் ஒருவர் மனம் போனபடி முக்கால் மணி நேரம் பேசுவார். மறுமுனையில் ஒருவர் கேட்பார். முடிந்ததும் பாலமே அந்தப் பேச்சிலிருந்து பத்துக் கேள்விகளை எடுத்துத் தொடுதிரைப் பலகையில் நீட்டும். கேட்பவர் திருப்பிப் பேச முடியாது. அந்தரங்கம், பாதுகாப்பு என்று அதற்கு ஏகப்பட்ட சட்டம். கேட்பவரைப் பற்றிப் பேசியவருக்குப் போய்ச் சேர்வது ஒரே ஓர் எண்தான்: பத்துக்கு எத்தனை.

தொடர்ந்து மூன்று நாள் ஒன்பதுக்குக் குறையாமல் வாங்கினால் தேர்ச்சி. செவிலியரான ஜெசிந்தாவுக்கு வேலை கொடுத்திருந்த வெளிநாட்டு ஆஸ்பத்திரி முப்பதாம் தேதி வரை காத்திருக்கும். தேர்ச்சி பெற்ற கணமே, அவளுக்குப் பேசும் எடித் வேறொருவருக்குப் போய்விடுவாள்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. அம்மா போய் மூன்று வருடமாகிறது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஒவ்வொரு நாட்டில். பரீட்சைக்காக வேலையையும் விட்டாயிற்று. எண்பத்திரண்டு வயது எடித்தின் கரகரத்த குரலைத் தவிர ஜெசிந்தாவுக்கென்று ஒரு குரல் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டு முறை, தொடர்ந்து இரண்டு நாள் ஒன்பது வாங்கிவிட்டு, மூன்றாம் நாள் தெரிந்த விடையையே தப்பாகத் தொட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

மூன்று மணிக்குக் குமிழில் மூச்சுச் சத்தம் கேட்டது.

"நேற்று உனக்கு நாலுதான்," என்றாள் எடித், தன் ஊர் ஆங்கிலத்தில். "உடம்புக்கு என்ன? காய்ச்சலா? நீ யாரென்று தெரியாது. ஆனால் நாலு வாங்குகிற ஆள் இல்லை நீ."

ஜெசிந்தா குமிழ்களைக் காதோடு அழுத்திக்கொண்டாள். நேற்று நிஜமாகவே காய்ச்சல். எவ்வளவு நாளாயிற்று தன்னை ஒருவர் இப்படிக் கேட்டு! அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மேசையில் அவள் கைக்குப் பக்கத்திலேயே அப்பா காலையில் வைத்துவிட்டுப் போன நிலவேம்புக் கஷாயம் ஆறிப்போய் அடியில் மண்டி படிந்திருந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை.

அன்றைக்கு ஒன்பது. மறுநாள் பத்து. மாதக் கடைசியும் வந்தது.

மூன்றாம் நாளான முப்பதாம் தேதி எடித் வழக்கத்துக்கு மாறாக நிறுத்தி நிதானமாகப் பேசினாள்.

"என் பூனைக்குப் பெயர் பெர்ரி. பெர்ரி. செவ்வாய்க்கிழமை மருத்துவரிடம் போகிறேன். செவ்வாய்." ஒவ்வொன்றையும் இரண்டு முறை சொன்னாள். "நீ வேண்டுமென்றே தப்பு செய்கிறாய். எனக்கு முன்பே தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன், எனக்கும் உன்னை விட மனசில்லை. இன்று வேண்டாம். இன்று சரியாக எழுதிவிட்டுப் போ, கண்ணே."

ஜெசிந்தா கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுதினாள். பத்துக்குப் பத்து. 'வாழ்த்துகள்' என்று பலகை ஒளிர்ந்து அணைந்தது. அதோடு எடித் இல்லை.

மறுநாள் மூன்று மணிக்குக் குமிழ்களை வெறுமனே காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கழற்றினாள். அப்போதுதான் வீட்டுக்குள் யாரோ பேசுவது கேட்டது. அப்பாவின் அறை சாத்தியிருந்தது. உள்ளே அவர் சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சிரித்துக் கேட்டு எத்தனை காலம்! ஜெசிந்தா கதவைத் தள்ளினாள்.

"அப்பா, நான் பாஸாயிட்டேன். அடுத்த வாரம் ஃபிளைட்டு..."

மரியதாஸ் முகம் மலர்ந்தது. ஆனால் பேச்சை நிறுத்தாமல் வலது உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினார்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தவர் கூச்சத்தோடு சொன்னார்: "பென்ஷன் ஆபீசுல சேத்துவிட்டாங்கம்மா. நார்வேக்காரி ஒருத்தியாம், தமிழ் கேட்டுப் பழகுதா. அங்க உள்ள கிளார்க்கு வாய் தவறிச் சொல்லிட்டாரு. நம்ம ஹார்பருக்கு இஞ்சினியரா வரப்போறாளாம். நம்மாளுக பேசுறது புரியணும்லா? நாலு மாசமா கேக்கா. நேத்து எனக்கு ஒம்பது போட்டுட்டா தெரியுமா?"

"எங்கிட்ட சொல்லவே இல்லையேப்பா?"

"சொல்லத்தான் வந்தேன். நீ படிச்சிக்கிட்டு இருந்த." குறையாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். அவள் பாஸானதுக்குக் கேக் வாங்கி வருவதாகச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவருடைய பலகை கட்டிலில் ஒளிர்ந்துகொண்டிருந்தது. பேசியவர் சரிபார்ப்பதற்காக அன்றையப் பேச்சும் அதற்கான பத்துக் கேள்விகளும் அதில் இருந்தன. முதலில் பேச்சைக் கேட்கச் சொன்னது பாலம். ஜெசிந்தா அதைத் தாண்டி நேராகக் கேள்விகளுக்குப் போனாள். சொந்த அப்பா, சொந்தத் தமிழ், ஒரே வீடு. இதற்கு எதைப் போய்க் கேட்பது?

பேச்சாளருக்கு எந்தக் கண்ணில் புரை? இடது என்று தொட்டாள். எந்த மாடிப்படியில் வழுக்கினார்? வழுக்கினாரா! பொங்கலிலிருந்து காபியை ஏன் நிறுத்தினார்? மனைவியின் நினைவு நாளில் தேவாலயத்துக்கு யாருடன் போனார்? தனியாக, என்று தொட்டாள். அது சரியாக இருந்தது.

பத்தாவது கேள்வி: மகள் வெளிநாடு போன பிறகு எதை நினைத்துப் பேச்சாளருக்குப் பயம்? அறுவை சிகிச்சையா, திருட்டா, பேச்சே மறந்துபோவதா? அவள் முதலாவதைத் தொட்டாள். பாலம் மூன்றாவதை ஒளிரவைத்தது.

பத்துக்கு மூன்று.

'இந்தப் பேச்சாளரை நீங்கள் புரிந்துகொள்ள இன்னும் நாற்பது மணி நேரம் கேட்க வேண்டும்' என்றது பாலம். விமானத்துக்கு ஆறு நாள் இருந்தது.

மறுநாள் இரண்டே முக்காலுக்கு, காதில் எதுவும் இல்லாமல், ஜெசிந்தா அப்பாவின் அறை வாசலில் போய் நின்றாள்.

"அப்பா, கண்ணாஸ்பத்திரியில என்ன சொன்னாங்க? சொல்லுங்க, கேக்கேன்."

மரியதாஸ் அவளைப் பார்த்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். முகத்தில் நிஜமான சங்கடம்.

"அப்பொறம் சொல்லுதேன்மா," என்றார். "அந்தப் புள்ள வந்துரும். இன்னைக்கும் ஒம்பது வாங்கிட்டான்னா மூணாவது நாளு. அப்புறம் போயிருவா."

செவிக்குமிழை வைத்துக்கொண்டு உள்ளங்கையைத் தூக்கினார். வாயைத் திறந்து, வேண்டுமென்றே, ஒரு வார்த்தை கூடப் புரியாத வேகத்தில் பேசத் தொடங்கினார்.