புகாரே வராத விளையாட்டு

ஃப்ளோரா துடுப்பை இழுத்தாள். எதிரே இருந்த கணவன் ஞானராஜும் இழுத்தான். அவள் உண்மையில் தூத்துக்குடி வீட்டில் இருந்தாள். அவன் நடுக்கடலில், கடலடி மண்ணைத் தோண்டும் சுரங்கக் கப்பலில் இருந்தான். இருவர் கண்ணிலும் காட்சிக்கவசம்.

‘ஆழி’ என்ற இந்தப் படகு விளையாட்டு வெளியானதிலிருந்து அவர்கள் தொலைபேசியைத் தொடவே இல்லை. முகம் பார்த்துக் கேட்கத் தயங்குவதை, கை வேலையாக இருக்கும்போது கேட்டுவிடலாம் அல்லவா?

மற்ற விளையாட்டுகளில் நடுவழியில் இணைப்பு அறுந்து, கூட்டாளி சிலையாக நின்றுவிடுவான். ஆழியில் அந்தத் தொல்லை கிடையாது. ‘இடைநிரப்பி’ என்ற நிரல் உடனே கூட்டாளியின் இடத்தில் உட்கார்ந்து, அவர் குரலிலேயே பேசும். அதற்கு இட்ட கட்டளை ஒன்றுதான்: விளையாடுபவர் எழுந்து போய்விடக் கூடாது.

அன்று ஃப்ளோரா கேட்டேவிட்டாள்.

“ஒப்பந்தம் முடியுதுல்லா. நீட்டிக்காம வந்துருதீயளா? ஒத்தையில முடியல எனக்கு.”

“வந்துருதேன் ஃப்ளோரா. நானும் அதத்தான் நெனச்சிட்டிருந்தேன்.”

அவள் சந்தோஷத்தில் அழுதுவிட்டாள். வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொன்னாள்.

அடுத்த வாரம் விளையாட்டு நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. வெளியான நாளிலிருந்தே ஆழியில் யாரும் யாரோடும் இணைக்கப்படவில்லையாம். எல்லோரும் இடைநிரப்பிகளோடுதான் விளையாடியிருக்கிறார்கள். இணைப்பு சரியாக இருக்கிறதா என்பதைப் புகார்களை வைத்துத்தான் அங்கே பார்ப்பார்கள். புகாரே வரவில்லை, கேக் வெட்டிக் கொண்டாடியிருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள்!

ஃப்ளோரா தொலைபேசியை எடுத்தாள்.

“நீங்க வாரீயளா இல்லியா?”

“எங்க? ‘இன்னும் ரெண்டு வருசம் இருங்க, நா பாத்துக்கிடுதேன்’னு நீதான சொன்ன? அன்னைக்கே கையெழுத்துப் போட்டுட்டேனே.”

“நா அப்படிச் சொல்லல.”

அவன் மெதுவாகக் கேட்டான்.

“நா என்ன சொன்னேன் ஒன்கிட்ட?”

“வாரேன்னு சொன்னீய.”

இப்போதும் அவன் வருகிறேன் என்று சொல்லவில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உட்கார்ந்தே மரத்துப்போன கால் மாதிரி இருந்தது மனசு.

கோளாறு சரியானதும் இருவரும் ஆழியில் சந்தித்தார்கள். நிஜமான ஞானராஜுக்கு அவளோடு ஒத்து இழுக்கத் தெரியவில்லை. படகு நின்ற இடத்திலேயே சுற்றியது. அவன் இருமினான். திரையில் ஒரு கேள்வி வந்தது: ‘இணைப்பில் தடுமாற்றம் தெரிகிறது. கூட்டாளிக்குப் பதில் இடைநிரப்பியை அமர்த்தலாமா?’

ஃப்ளோரா ‘வேண்டாம்’ என்று அழுத்தினாள்.

“நெசத்தச் சொல்லுங்க. வர மனசில்லியா?”

“ஒனக்குச் சிரமம்னா இப்பவே கெளம்பி வந்துருதேன் ஃப்ளோரா.”

படகு நேராக, வேகமாக ஓடத் தொடங்கியது. திரையின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு வரி: ‘உங்கள் கூட்டாளி ஆம் என்று அழுத்திவிட்டார். அவர் இப்போது உங்கள் இடைநிரப்பியோடு பேசிக்கொண்டிருக்கிறார்.’

ஃப்ளோரா அதை முழுக்கப் படித்தாள். பிறகு எதிரே இருந்தவனைப் பார்த்து, “சாப்டீயளா?” என்று கேட்டாள்.