ஒற்றைக் கண்ணின் நீர்

மாரிக்காலம் விடைபெறும் நாள்கள். பொழிந்து ஓய்ந்த பின்னும் வானம் தன் கருமையைக் களையவில்லை. ஈரம் சுமந்த மரங்கள், சொல்ல வந்ததை மறந்தவைபோல் தலை தாழ்த்தி நின்றன.

காலை 9.10. கண் மருத்துவரின் அறைக்கதவு படாரென்று திறந்தது. முகத்தைப் பொத்தியபடி தையற்கார அம்மாள் வந்தார். பின்னால் வந்த மகள், கைக்குட்டையில் சுற்றிய சொட்டுமருந்துக் குப்பியை மேசைமேல் வைத்தாள். மருமகள் உள்ளே வரத் துணியாமல் வாசலிலேயே நின்றாள்.

"டாக்டர், எரிச்சலுக்குன்னு அண்ணி நேத்து இதை விட்டாங்க. விடிஞ்சா அம்மா கண்ணு இப்படி! எதைக் கலந்தாங்கன்னு பாருங்க. இங்கேருந்து நேரா போலீஸ் ஸ்டேஷன்தான்."

"நான் எதையும் கலக்கல அத்தை!"

மாமியார் வாய் திறக்கவில்லை. மகளின் ஏச்சைவிட அந்த மௌனமே மருமகளை அதிகம் சுட்டதை டாக்டரம்மா கண்டார்.

விளக்கை அருகே இழுத்தார். இடக்கண்ணின் உள்முனைக்குக் கீழே, மூக்கை ஒட்டிச் சிவந்த வீக்கம், தொட்டால் கொதித்தது. இரு விழிகளின் வெண்மையிலும் மாசில்லை.

"எதிர்ல இருக்கிற எழுத்து தெரியுதா? கண்ணை நாலு பக்கமும் திருப்புங்க."

எழுத்து தெரிந்தது, விழியும் தடையின்றித் திரும்பியது. நோய் கண்ணின் பின்புறம் பரவவில்லை. டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

9.25.

"மருந்து எந்தக் கண்ணுல விட்டாங்க?"

"ரெண்டுலயும்தான்," என்றார் அம்மாள்.

"முன்னாடியே தண்ணி வடிஞ்சுதா?"

மகள் தன்னை மறந்து சிரித்தாள். "ஆறு மாசமா! ஒத்தக் கண்ணால அழற மாமியார்னு நாங்களே கிண்டல் பண்ணுவோம். இடது கண்ணு மட்டும்தான்..." குரல் பாதியில் தேய்ந்தது.

"குற்றவாளி சிக்கிட்டான். மூக்கோரம் இருக்கிற கண்ணீர்ப்பை! கண்ணீர் மூக்குக்குள்ள இறங்குற குழாய் அடைச்சிருக்கு. வழியில்லாத தண்ணி வெளியே வடிஞ்சுது. உள்ள தேங்கினதுல கிருமி புகுந்து சீழ் வச்சிடுச்சு. மருந்துல ஏதாவது கலந்திருந்தா ரெண்டு விழியும் வெந்து சிவந்திருக்கும். நீங்க சிரிச்சீங்களே, தடயம் அந்தச் சிரிப்புலதான் இருந்துச்சு."

மருந்துச்சீட்டை எழுதினார். "மாத்திரையை இன்னைக்கே ஆரம்பிக்கணும். வெதுவெதுன்னு ஒத்தடம் கொடுங்க. யாரும் பிதுக்கக் கூடாது. காய்ச்சல் வந்தாலோ பார்வை மங்கினாலோ உடனே ஓடி வாங்க. வீக்கம் வடிஞ்ச பிறகு ஆபரேஷன் பண்ணி, கண்ணீர் மூக்குக்குள்ள இறங்கப் புது வழி திறந்துடலாம்."

மகள் குப்பியைக் கைப்பைக்குள் ஒளித்தாள். "அண்ணி... உள்ள வாங்க. என் வாய்க்குத்தான் முதல்ல வைத்தியம் பார்க்கணும்."

மருமகள் உள்ளே வந்தாள். எவரையும் நோக்காமல், விழி மூடிக் கைகூப்பினாள். உதடுகள் மட்டும் இறைவனின் திருப்பெயரில் அசைந்தன.

அம்மாள் தன் கையை மருமகளின் தலைமேல் வைத்தார்.

"வாயடைச்சு உட்கார்ந்திருந்தேனே, என் கண்ணே... நீ நல்லா இருக்கணும்."